மெய்னிர் காதில் தவறிய அசை

மெய்னிர் ப்யூவுக்குப் பயம் வயிற்றில்தான் வரும். கூட்டம் பத்து மணிக்கு என்றால் எட்டரைக்கே வந்து காரை நிறுத்திவிடுவாள். உள்ளே போகமாட்டாள். மழை கண்ணாடியில் வழிய, உப்பு பிஸ்கட்டை ஒவ்வொன்றாகக் கொறித்தபடி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். பதினாறு வருடமாக இதே வேலை, பதினாறு வருடமாக இதே பிஸ்கட்.

அவளும் நானும் ஒரே தொழில். எங்கள் வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷில் யாராவது பேசினால், பேசப் பேசவே அதை ஆங்கிலத்தில் மைக்கில் முணுமுணுப்போம். வெல்ஷ் தெரியாதவர்கள் ஹெட்போன் வழியாகக் கேட்டுக்கொள்வார்கள். மாவட்டக் கவுன்சில், பள்ளி நிர்வாகக் குழு, மருத்துவமனை வாரியம், நீதிமன்றம், எங்கே கூப்பிட்டாலும் போவோம். இந்த வேலையை உண்டாக்கியது அரசாங்கம்தான். தொண்ணூறுகளில் சட்டம் வந்தது. பொது அலுவலகங்களில் வெல்ஷும் ஆங்கிலமும் சமம், நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் வெல்ஷில் பேசலாம் என்றார்கள். பிறகு இன்னொரு சட்டம், அப்புறம் விதிகள், அப்புறம் பத்து லட்சம் பேர் பேச வேண்டும் என்ற இலக்கு. வரவேற்பு மேசைகளில் இருப்பவர்களுக்கு, இவருக்கு வெல்ஷ் தெரியும் என்று காட்டும் ஆரஞ்சு நிற பேட்ஜ் குத்தினார்கள். சட்டம் போட்டவர்கள் போட்டுவிட்டார்கள். அதைக் கவுன்சில் கூடங்களில் நடத்திக் காட்ட, தொண்டை உள்ள நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த நாலு பேரில் நாங்கள் இரண்டு பேர்.

மெய்னிர் அதற்கு முன்னால் அபர்கெதினில் ஒரு வங்கியில் கவுண்டரில் இருந்தாள். அவள் அப்பா பஸ் டிரைவர், அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வீட்டில் வெல்ஷ் தவிர வேறு பேச்சு கிடையாது. வங்கிக் கிளையை மூடியபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. கவுன்சில் மொழிபெயர்ப்பாளர்களைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டுத் தேர்வு எழுதினாள். இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறினாள். "ரெண்டு தடவையும் பயத்துல வாயே வரலடி. மைக்கை அமுக்கிட்டு மூச்சு மட்டும் விட்டுட்டு வந்தேன்" என்று சிரிப்பாள்.

ஆனால் அவள் வேலையில் கெட்டிக்காரி. நான் பார்த்தவர்களில் அவள்தான் சிறந்தவள் என்று இப்போதும் சொல்வேன். இந்தத் தொழிலில் முதல் விதி, "நான்" என்றால் நீ இல்லை. விவசாயி "எனக்கு முட்டி வலி" என்று சொன்னால், நீயும் ஆங்கிலத்தில் "எனக்கு முட்டி வலி" என்றுதான் சொல்ல வேண்டும், "அவருக்கு" என்று சொல்லக் கூடாது. மெய்னிர் வேலை செய்யும்போது அவள் அங்கே இருப்பதே தெரியாது. மூலையில் ஒரு சின்ன மேசை, ஒரு மைக், தண்ணீர் டம்ளர், தாடையில் கை. பேசுகிறவர் வாயைப் பார்த்தபடியே உதடு அசையும்.

இது நடந்தது மூன்று வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதத்தில்.

எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் டெகிட், தம்பி எலிஸ். மாடுகளின் சாணியும் மூத்திரமும் சேரும் பெரிய தொட்டியைக் குளிர்காலம் முடிந்ததும் இயந்திரம் வைத்துக் கலக்குவார்கள். கலக்கும்போது விஷவாயு கிளம்பும். முதல் அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அன்றைக்கு இயந்திரம் நடுவில் சிக்கிக்கொண்டது. டெகிட் பார்க்கப் போனார். திரும்பி வரவில்லை.

அவர் எப்படிச் செத்தார் என்று பதிவு செய்ய மரண விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு அம்மாள். வெல்ஷ் தெரியாது. கறாரானவர், ஆனால் நியாயமானவர் என்று பெயர். அபர்கெதின் நகர மண்டபத்தில் மாடியில் கூடம். மெய்னிரைத் தனியாகத்தான் அனுப்பினார்கள். இரண்டு பேரை அனுப்பப் பணம் இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் கவுன்சில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எங்களைக் கையைக் காட்டி, "இங்க இருக்கிற எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். அப்புறம் எதுக்கு இந்தக் கிசுகிசு கம்பெனிக்கு நாம சோறு போடறோம்?" என்று கேட்டிருந்தார். சிரித்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நான்.

விசாரணைக்கு முன்னால், மாடி வராந்தாவில் எலிஸ் மெய்னிரிடம் வந்தார். நாற்பத்தி நாலு வயது. கல்யாணத்துக்கு வாங்கின கோட்டு, தோளில் இறுகிப் பிடித்தது. கையில் தொப்பியைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தார்.

"மிஸஸ் ப்யூ, நான் பேசாம இங்கிலீஷ்லயே சொல்லிடட்டுமா? எல்லாருக்கும் தொந்தரவு இல்லாம முடிஞ்சிரும்."

"உங்க அண்ணன்கிட்ட எதுல பேசுவீங்க?"

"என்னங்க கேள்வி இது. வெல்ஷ்லதான்."

"அன்னைக்கு நடந்ததும் அதுலதானே நடந்துச்சு. அதுலயே சொல்லுங்க. அது உங்க உரிமை. இங்கிலீஷை நான் பாத்துக்கறேன்."

அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. நீங்க பாத்துக்கறேன்னா சரி" என்றார்.

கூடத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். ஹெட்போன் மாட்டியிருந்தது மூன்றே பேர். விசாரணை அதிகாரி ஒருவர். தொழில் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர். பண்ணையில் கவனக்குறைவு இருந்தால் வழக்குப் போடுவது அவர் கையில். மூன்றாவது ஒரு செய்தி நிருபர், சின்னப் பெண், நகரத்துக்காரி. மற்ற எல்லோரும், டெகிட்டின் மனைவி நெஸ்ட் உட்பட, ஊர்க்காரர்கள். அவர்களுக்கு ஹெட்போன் எதற்கு? மெய்னிர் ஆங்கிலத்தில் என்ன சொல்கிறாள் என்று வெல்ஷ் தெரிந்த ஒரு காதும் அந்தக் கூடத்தில் கேட்கவில்லை. இது எப்போதும் அப்படித்தான். நாங்கள் அதை யோசித்ததே இல்லை.

எலிஸ் நன்றாகத்தான் பேசினார். மெதுவாக, தரையைப் பார்த்து. இயந்திரம் சிக்கியது, டெகிட் சட்டைக் கையை மடித்தது, நாய் குரைத்தது. பிறகு அந்த இடம் வந்தது.

"அரை மணி நேரம் பொறுன்னு சொன்னேன். அவன் நடக்க ஆரம்பிச்சான்." கொஞ்சம் நிறுத்தினார். குரல் உள்ளே போய்விட்டது. "விட்டுட்டேன்."

எங்கள் மொழியில் ஒருவனை அவன் இஷ்டத்துக்கு விடுவதற்கும், ஒருவனை விட்டுவிட்டுப் போவதற்கும் ஒரே வினைச்சொல்தான். நடுவில் "அவனுக்கு" என்று ஒரு சின்ன ஒட்டு விழுந்தால் முதல் பொருள். விழாவிட்டால் இரண்டாவது. எங்கள் பக்கத்துப் பேச்சில் அந்த ஒட்டைப் பாதி விழுங்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் இதற்கும் வேறு வேறு சொல். ஏதாவது ஒன்றை எடுத்தே ஆக வேண்டும், அதுவும் மூச்சு விடுவதற்குள். பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மெய்னிர், அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்.

விசாரணை அதிகாரி தலையை நிமிர்த்தினார். ஆங்கிலத்தில் கேட்டார். "அது ஆபத்துன்னு உங்களுக்கு அப்போ தெரியுமா?"

எலிஸுக்கு ஆங்கிலம் புரியும். பதிலை வெல்ஷில் சொன்னார். "தெரியும். தெரிஞ்சேதான் விட்டுட்டேன்."

இந்த முறை அந்த ஒட்டு சுத்தமாக அழுகையில் போய்விட்டது. மெய்னிர் முதலில் சொன்ன சொல்லையே திரும்பச் சொன்னாள். ஆய்வாளர் பேனாவை எடுத்தார். நிருபர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள். எலிஸ் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார். மேற்கொண்டு அவரால் பேச முடியவில்லை. விசாரணை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம், ஒன்றேகால் மணிக்கு என்றார்.

மெய்னிர் படியில் இறங்கும்போது, திருப்பத்தில் நெஸ்டும் எலிஸும் நின்றிருந்தார்கள். நெஸ்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உன்னையே நீ கொல்லாதடா. போகாதன்னா நிக்கற ஆளா அவரு? இருபத்திரண்டு வருஷமா நானே அவரை அவர் போக்குல விட்டுத்தானே வாழ்ந்தேன். நீயும் அவர் போக்குல விட்ட. வேற என்ன பண்ணியிருக்க முடியும்?"

அவள் அந்த ஒட்டை நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்.

மெய்னிர் அடுத்த படியில் கால் வைக்கவில்லை. காதுக்குள் எலிஸின் குரல் திரும்ப ஓடியது. நாற்காலி சத்தத்துக்கு முன்னால், அரை நொடி, ஒரு சின்ன ஒலி இருந்ததா? இருந்தது என்று தோன்றியது. இல்லை என்றும் தோன்றியது. கீழே வாசலில் நிருபர் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா, தம்பியே ஒத்துக்கிட்டான். அண்ணனை அங்கயே விட்டுட்டு வந்துட்டானாம். ஆபத்துன்னு தெரிஞ்சேன்னு அவன் வாயாலயே சொன்னான். தலைப்பு அதையே வெச்சிக்கலாம்."

அவள் பெண்கள் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எனக்கு போன் செய்தாள்.

"மாரெட், நான் ஒருத்தரைக் கொலைகாரனாக்கிட்டேன்."

நான் வீட்டில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரலைக் கேட்டதும் அதைத் தட்டில் வைத்தேன். நடந்ததைச் சொன்னாள். பாதி புரிந்தது, பாதி மூச்சு வாங்கியது.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா அந்த ஒட்டு இருந்துச்சுன்னு?" என்று கேட்டேன்.

"தெரியாது. அதான் சொல்றேன். தெரியாமலே சொல்லிட்டேன்."

இப்போது நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனால் விட்டுவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். நான் சொன்னேன்: "அப்ப பேசாம இருடி. சாப்பாட்டுக்கு அப்புறம் அவரே விளக்கிச் சொல்லிருவாரு. நீ எழுந்து தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கே அந்த ஆளு கவுன்சில்ல எழுந்திருப்பான். மொழிபெயர்ப்புன்னு வெச்சா இப்படித்தான், எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசித் தொலைங்கம்பான். உன்னோட போகாது இது. எங்க எல்லாருக்கும் வந்து சேரும். இனிமே எந்த விவசாயி வெல்ஷ்ல சாட்சி சொல்லுவான்?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"அவர் இங்கிலீஷ்லதான் பேச வந்தாரு" என்றாள். "நான்தான் வேண்டாம்னேன்."

போனை வைத்துவிட்டாள்.

பிறகு அவள் எனக்குச் சொன்னது: அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் மூன்று முறை கழிவறைக் கதவைத் திறந்து மூன்று முறையும் திரும்ப மூடினாள். விசாரணை அதிகாரியின் முகம் எப்படி மாறும் என்று தெரிந்தது. ஆய்வாளர் எழுதியதை அடிப்பாரா, அல்லது இனி எதையும் நம்பமாட்டாரா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும்விட, எலிஸ் தன்னைப் பார்க்கப்போகும் பார்வையைத்தான் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவருக்கு இன்னும் தெரியாது. தன் பெயரில் ஆங்கிலத்தில் என்ன போயிருக்கிறது என்று தெரியாமல் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றேகாலுக்குக் கூடம் நிறைந்தது. மெய்னிர் தன் மூலையில் உட்கார்ந்தாள். விசாரணை அதிகாரி காகிதங்களைச் சரிசெய்தார். எலிஸ் சாட்சி மேசைக்கு வந்து நின்றார். ஹெட்போன்கள் மூன்றும் காதுக்குப் போயின.

மெய்னிர் மைக்கை அமுக்கி ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

மூன்று தலைகளும் சட்டென்று எலிஸ் பக்கம் திரும்பின.

பதின்மூன்று வருடமாக அவள் வாயில் "நான்" என்றால் வேறு யாரோதானே. அவர்களுக்கு அதுதான் பழக்கம். இப்படிப்பட்ட நேரத்தில் "மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புகிறார்" என்று தொடங்க வேண்டும். பயத்தில் அவளுக்கு அது மறந்துபோனது. நிருபர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாக எலிஸைப் பார்த்து, "என்ன தப்பு? சொல்லுங்க" என்று கேட்டார். வாயே திறக்காத எலிஸ், திகைத்துப்போய், "நானா? நான் ஒண்ணும் சொல்லலியே" என்று வெல்ஷில் சொன்னார்.

பழக்க தோஷத்தில் மெய்னிர் அதையும் மொழிபெயர்த்தாள். "நானா? நான் ஒண்ணும் சொல்லலியே" என்று மூன்று பேர் காதிலும் ஆங்கிலத்தில் அவள் குரலே போனது.

இதைச் சொல்லும்போது நாங்கள் இப்போது சிரிக்கிறோம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மைக்கை மேசையில் வைத்தாள். எழுந்தாள். மூலையிலிருந்து கூடத்தின் நடுவுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். அந்தப் பன்னிரண்டு அடியை எந்த மொழிபெயர்ப்பாளரும் நடந்ததில்லை. எல்லோரும் முதல்முறையாக அவளைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மைக் இல்லாமல். "நான், மெய்னிர் ப்யூ. காலையில இவர் சொன்ன ஒரு சொல்லை நான் சரியாக் கேக்கல. கேக்காமலே ஒரு அர்த்தத்தைச் சொல்லிட்டேன். அண்ணனை விட்டுட்டு வந்தேன்னு இவர் சொன்னாரா, அண்ணனைத் தடுக்காம அவர் போக்குல விட்டேன்னு சொன்னாரா, எனக்கு நிச்சயம் இல்ல. ரெண்டாவதுதான்னு நினைக்கிறேன். நீங்க எழுதினது இவர் வார்த்தை இல்ல. என்னோடது."

கூடத்தில் ஊர்க்காரர்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்தது, காலையில் ஆங்கிலத்தில் என்ன போயிருக்கிறது என்று. நெஸ்ட் எழுந்து நின்றுவிட்டாள். "அப்படியா எழுதி வெச்சிருக்கீங்க?" என்று வெல்ஷில் கத்தினாள். "பதினஞ்சு நிமிஷம் அவரை இழுத்துப் பாத்தான்யா இவன்! இவனையே ஆஸ்பத்திரியில போட்டாங்க!"

விசாரணை அதிகாரி கையை உயர்த்தினார். கத்தலை மொழிபெயர்க்க மூலையில் ஆள் இல்லை. அவருக்கு அது புரியவில்லை, ஆனால் முகம் புரிந்தது.

"திருமதி ப்யூ, இதை நீங்க எப்போ உணர்ந்தீங்க?"

"பன்னிரண்டரை மணிக்கு."

"இப்போ ஒன்றேகால்."

"ஆமா."

"ஏன் உடனே வரல?"

மெய்னிர் பொய் சொல்லவில்லை. "பயந்துட்டேன்" என்றாள்.

அன்றைய விசாரணை அதோடு நின்றது. கூடத்தில் பதிவான ஒலிநாடாவை வேறொரு மொழிபெயர்ப்பாளர் கேட்டுச் சொல்ல வேண்டும், இரண்டு வாரம் கழித்துத் தொடரலாம் என்று விசாரணை அதிகாரி அறிவித்தார். ஆனால் செய்தி அதற்குள் வெளியே போய்விட்டது. நிருபர் மதியமே அனுப்பியதை ஒன்றரை மணிக்கு இணையத்தில் போட்டிருந்தார்கள். நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள், கீழே ஒரு வரி மன்னிப்பும் போட்டார்கள். எடுப்பதற்குள் மாவட்டம் முழுக்கப் படித்துவிட்டது. எலிஸ் மாட்டுத் தீவனம் வாங்கப் போன இடத்தில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பண்ணை வாசலில் யாரோ எதையோ எழுதிவிட்டுப் போனார்கள், நெஸ்ட் அதை விடியும் முன் கழுவினாள். கவுன்சிலில் அந்த ஆள் எழுந்தார். நான் பயந்தபடியே பேசினார். அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார், எங்களுக்கு வேலை இல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

ஒலிநாடாவைக் கேட்க வந்த மொழிபெயர்ப்பாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாவட்டத்தில் நாங்கள் நாலு பேர்தான் என்று சொன்னேனே. மற்ற இருவருக்கும் அந்த வாரம் வேறு வேலை. ஒரு சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டினார்கள். நான் அந்த இரண்டு நொடியை நாற்பது தடவை கேட்டேன். நாற்காலி கிறீச்சிடுகிறது. அதற்கு முன்னால் ஒரு மூச்சு இருக்கிறது. அந்த மூச்சுக்குள் அந்த ஒட்டு இருக்கிறதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. "இருந்துச்சு" என்று எழுதினால் மெய்னிர் கவனக்குறைவானவள். "இல்லை" என்று எழுதினால் எலிஸ் அண்ணனைச் சாகவிட்டு ஓடியவர். ஹெட்போனைக் கழற்றினேன், மறுபடி மாட்டினேன். அப்போதுதான் எனக்கு அவள் அந்தக் கழிவறையில் எப்படி இருந்திருப்பாள் என்று தெரிந்தது. கடைசியில் உண்மையையே எழுதினேன்: ஒலி தெளிவில்லை. இரண்டு பொருளும் வரலாம். சாட்சியைத் திரும்பக் கேட்பதே முறை.

இரண்டு வாரம் கழித்து மழை இல்லாத ஒரு வியாழக்கிழமை. இனி மரண விசாரணைக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும் என்று விசாரணை அதிகாரியே எழுதிக் கேட்டிருந்தார். அதனால் மெய்னிரோடு நானும் போனேன். அவளை மாற்றிவிடுவார்கள் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். மாற்றவில்லை. எலிஸிடம் கேட்டார்களாம், அவர் "அந்தம்மாவே இருக்கட்டும்" என்றாராம். ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வராந்தாவில் அவர் எங்களிடம் வந்தார். அதே கோட்டு. மெய்னிர் எழுந்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் முதல்ல சொல்லிடறேன்" என்றார். "முக்கால் மணி நேரம் நான் என் அண்ணனைச் சாகவிட்டு ஓடினவனா இருந்திருக்கேன். எனக்கே தெரியாம. கீழ உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன், மிஸஸ் ப்யூ. ரெண்டு சக்கரை போட்டு. அதை நினைச்சா எனக்கு இப்பவும் குமட்டுது."

மெய்னிர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோபம் போகல. போகும்னும் தோணல. ஆனா நீங்க எழுந்து நின்னப்ப உங்க முகத்தைப் பாத்தேன். நம்ம பசுமாடு கரண்டு வேலில சிக்கினா அப்படித்தான் முழிக்கும். இவ்ளோ பயந்தவங்க எழுந்து வந்து சொல்றாங்கன்னா, இனிமே தப்பு வந்தாலும் சொல்லிருவாங்க. புது ஆளு வந்தா சொல்லுவாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே போனோம். விசாரணை அதிகாரி எந்த மொழியில் என்று கேட்டார். கூடத்தில் எல்லோரும் எலிஸ் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நானும்தான்.

"வெல்ஷ்லதான்" என்றார். "எனக்கும் ஒரு ஹெட்போன் குடுங்க."

ஊழியர் தயங்கினார். "நீங்கதானே பேசப்போறீங்க?"

"அதுக்குத்தான் கேக்கறேன். நான் சொல்றது எப்படிப் போகுதுன்னு நானும் கேக்கணும்ல."

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். ஒரு வாக்கியம் சொல்லுவார், நிறுத்துவார், மெய்னிர் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்பார், பிறகு அடுத்தது. பேசப் பேசவே மொழிபெயர்க்கும் முறைக்கு அது நேர் எதிர். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்த இடம் வந்ததும் அவர் அந்த ஒட்டை அழுத்தி, தனியாக எடுத்துவைத்தது போலச் சொன்னார். "பொறுன்னு சொன்னேன். அவன் கேக்கல. அவன் போக்குல விட்டுட்டேன். தடுத்திருக்கணும்னு தினமும் நினைக்கிறேன்." மெய்னிர் சொன்னாள். அவர் கேட்டார். தலையை ஆட்டினார். ஒரே ஒரு தடவை கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்: அவள் "குழி" என்று சொல்லியிருந்தாள், அவர் சொன்னது "தொட்டி". "குழி இல்லங்க, தொட்டி. எங்கப்பா கட்டினது." அவள் திருத்தினாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தேன். மேசைக்கு அடியில் அவள் முட்டி என் முட்டியில் இடித்துக்கொண்டே இருந்தது, அவ்வளவு நடுக்கம். குரலில் மட்டும் அது இல்லை.

தீர்ப்பு, விபத்து என்று வந்தது. ஆய்வாளர் வழக்குப் போடவில்லை, இயந்திரத்துக்கு எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் அனுப்பினார். எலிஸ் வெளியே போகும்போது எங்களைப் பார்க்கவில்லை. நெஸ்ட் மட்டும் வாசலில் திரும்பி நின்று, மெய்னிரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள். அது நன்றியா, வேறு ஏதாவதா என்று நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

மெய்னிருக்கு ஏழு மாதம் நீதிமன்ற வேலை வரவில்லை. பள்ளிக்கூடக் கூட்டங்கள் மட்டும். பிறகு ஒரு குடும்ப வழக்குக்குக் கூப்பிட்டார்கள், போனாள். இப்போது அவளுக்குச் சொல் சரியாகக் கேட்கவில்லை என்றால், யார் பேசினாலும், நீதிபதியே ஆனாலும், கையைத் தூக்கி "மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை" என்கிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். கவுன்சிலில் அந்த ஆள் ஒருமுறை, "காது டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவள் அதையும் பிசகாமல், அவர் குரலில் இருந்த இளக்காரம் உட்பட, மொழிபெயர்த்திருப்பாள். அவர்தான் ஆங்கிலத்தில் பேசிவிட்டாரே.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது சாவியை என்னிடம் நீட்டினாள். "நீ ஓட்டு. கால் இன்னும் நிக்கல" என்றாள். மலைப்பாதையில் பாதி தூரம் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு எங்கடி?" என்று கேட்டாள்.

"நூலகக் குழு. ஆறு பேருதான். அதுல அஞ்சு பேருக்கு வெல்ஷ் தெரியும்."

"அப்ப ஒருத்தருக்காகவா?"

"ஒருத்தருக்காகத்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பேரென்ன அவருக்கு? மத்த அஞ்சு பேரும் பேசறது வேகமா, மெதுவா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.